பின்வாசல் நர்ஸம்மா

ஜூலை 3

அன்புள்ள சின்னு,

வந்து சேர்ந்துவிட்டேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என் குரல் கேட்டால் நான் அடுத்த அறையில் இருப்பதாக நினைத்து அம்மா கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறாள், அப்புறம் அன்றைக்கு முழுக்க உன்பாடு திண்டாட்டம் என்று நீதானே சொன்னாய். அதனால் இனி நமக்குள் கடிதம்தான். தலை போகிற அவசரம் என்றால் மட்டும் போன்.

கல்லூரி நிர்வாகத்தில் முதுகலை படிப்பவர்கள் கடைசி வருடம் ஏதாவது ஒரு கல்லூரி அலுவலகத்தில் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தேனே. என் வகுப்பில் ஒருத்திக்கு மாணவர் விடுதி கிடைத்தது, ஒருவனுக்கு நூலகம். எனக்குப் பதிவாளர் அலுவலகம். சேர்ப்பது, நீக்குவது, இடையில் விட்டவர்களை மறுபடி சேர்ப்பது எல்லாம் இங்கேதான். என் மேசையை ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் போட்டிருக்கிறார்கள். தாகம் எடுத்தவர்கள் எல்லாம் என் தலைக்கு மேலே கையை நீட்டி டம்ளர் எடுக்கிறார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் 'பயிற்சியாளர்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அதைப் படித்ததும், கேட்க வந்த கேள்வியைப் பாதியில் விழுங்கிவிட்டு ஜனங்கள் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். பதிவாளர் மேடம் மட்டும் என்னை ஒரு ஆளாக மதித்து வேலை சொல்கிறார்.

ஏப்ரலில் பயிற்சி முடிகிறது. முடிந்த கையோடு வீட்டுக்கு வந்துவிடுவேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கல்லூரிக்குப் போ. விட்ட இடத்திலிருந்து, அதே இரண்டாம் வருடத்திலேயே சேரலாம். இடையில் விட்டவர்கள் மூன்று வருடத்துக்குள் எப்போது விண்ணப்பித்தாலும் எடுத்துக்கொள்வார்கள். விதிப்புத்தகம் என் மேசையிலேயே இருக்கிறது. நீ கவலையை விடு.

அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

அக்கா


ஜூலை 19

ஆபீசர் அக்காவுக்கு,

உன் தலைக்கு மேலே கை நீட்டுகிறவர்கள் டம்ளரை உன்மேல் கவிழ்க்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இங்கே ஒரு புதுக் கூத்து. பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்கு நேற்று எது, போன வருடம் எது என்று தெரிவதில்லை, அது உனக்குத் தெரியும். இப்போது தினமும் காலையில் கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "இன்னும் கிளம்பலையா? காலேஜுக்கு நேரமாச்சு பாரு" என்கிறாள். இல்லைம்மா, நான் போவதை நிறுத்திவிட்டேன் என்று முதல் நாள் சொன்னேன். அழுதாள் பார், தலையணை நனைந்துவிட்டது. மறுநாள் மறுபடி அதே கேள்வி. எத்தனை தடவை ஒருத்தியை அழ வைப்பது?

அதனால் இப்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்று முன்வாசல் வழியாகக் கிளம்பிவிடுகிறேன். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய சந்து வழியாகச் சுற்றி வந்து, துணி துவைக்கிற இடத்தில் பையை வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே வருகிறேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "யாரும்மா நீ?" என்று கேட்பாள். "நர்ஸும்மா" என்பேன். "வா வா. என் சின்னப் பொண்ணு இப்பதான் காலேஜுக்குப் போனா. நீ வர வழியில பாத்திருப்பியே" என்பாள். பார்த்தேன் என்று சொல்லிவிட்டு உடம்பைத் துடைத்துவிடத் தொடங்குவேன்.

சாயங்காலம் மறுபடி முன்வாசல் வழியாகப் பையோடு வருவேன். என்ன பாடம் நடத்தினாங்க என்று கேட்பாள். பழைய புவியியல் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்வேன். நேற்று ஆறுகள். கடலுக்குப் பக்கத்தில் வந்ததும் ஆற்றின் வேகம் ஏன் குறைகிறது தெரியுமா என்றேன். "அவ்வளவு தூரம் வந்திருக்கு, களைச்சுப் போயிருக்கும்" என்றாள். புத்தகத்தில் அதற்கு இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வந்திருந்தாள். மறுபடி சேர்வதற்கு எங்கள் கல்லூரியில் ஒரே வருடம்தான் கெடு என்று ஏதோ கணக்கு இருப்பதாக அவள் காதில் விழுந்ததாம். அலுவலகத்துக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நேரில் போய்க் கேட்க அரை நாள் வேண்டும், அம்மாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? நீ விசாரித்துச் சொல்.

சின்னு


ஆகஸ்ட் 9

அன்புள்ள சின்னு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன், டப்பாவை மூடி வைத்துவிட்டேன். நீ செய்வது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அம்மாவை இப்படி ஏமாற்றலாமா? ஒரு நாள் அவளுக்குத் தெளிவு வந்து, நர்ஸ் யார் என்று புரிந்தால் எப்படித் தாங்குவாள்? நிதானமாக உண்மையைச் சொல்லிப் பழக்கு.

ஒரு வருடக் கணக்கெல்லாம் வதந்தி. மாணவர்கள் காதில் விழுவதை வைத்து நிர்வாகம் நடப்பதில்லை. மூன்று வருடம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது, நானே பார்த்தேன். நான் இருப்பதே இந்த வேலையில். எனக்குத் தெரியாதா?

இங்கே எனக்குக் கொஞ்சம் நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. தாமதமாக வருகிற விண்ணப்பங்களுக்கு இதுவரை 'நிராகரிக்கப்படுகிறது' என்று ஒற்றை வரியில் பதில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் மாற்றி எழுதிக் கொடுத்தேன்: "தங்கள் விண்ணப்பத்தை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தோம். விதிகளின்படி ஏற்க இயலாமைக்கு மனமார வருந்துகிறோம். தங்கள் பாதை வேறு திசையில் ஒளிபெற வாழ்த்துகிறோம்." மேடத்துக்கு மிகவும் பிடித்துவிட்டது. பதிவாளர்கள் எல்லோரும் கூடும் கூட்டத்தில் மாதிரியாகப் படித்துக் காட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் பிரதி கொடுத்தாராம்.

போன வாரம் இன்னொன்று நடந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். பிரசவத்துக்காகப் படிப்பை விட்டவள், மறுபடி சேர வேண்டுமாம். கடைசித் தேதி முந்தின நாளோடு முடிந்திருந்தது. "ஒரு நாள்தானே மேடம்" என்று என்னைப் போய் மேடம் என்று கூப்பிட்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்திக்கு விட்டால் நாளை நூறு பேர் வந்து நிற்பார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். குரல்கூட நடுங்கவில்லை. மேடம் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "தேறிடுவே" என்றார்.

அக்கா


ஆகஸ்ட் 27

அக்கா,

ஏமாற்றாதே என்று எழுதியிருக்கிறாய். வந்து ஒரே ஒரு காலை இங்கே இருந்து, அந்தக் கேள்விக்கு நீ உண்மையைச் சொல்லிப் பார். நிதானமாகவே சொல். அப்புறம் அந்தத் தலையணை உறையை மாற்று.

போன நவம்பரில் அம்மா விழுந்தபோது நம் இருவரில் ஒருத்தி வீட்டில் நின்றாக வேண்டியிருந்தது. நீ வந்தாய், மருத்துவமனையில் இருந்தாய், ஊருக்குத் திரும்பும் நாள் வந்ததும் பெட்டியை அடுக்கினாய். நீ நிற்கிறாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நான் உன் துணிகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதையே பதிலாக எல்லோரும் எடுத்துக்கொண்டோம். உன்மேல் கோபம் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனால் இன்றைக்கு மட்டும்.

நீ திருப்பி அனுப்பிய அந்தப் பெண், முடியாது என்று கேட்டதும் குழந்தையை என்ன செய்தாள்? தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாளா, அப்படியே நின்றாளா? அதை நீ எழுதவில்லை. உன் குரல் நடுங்காததை மட்டும் எழுதியிருக்கிறாய்.

மூன்று வருடம் என்று நீ சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிய மாதிரி இருந்தது. உன்னை நம்பாமல் யாரை நம்புவேன்? மாடி வீட்டுத் தையல்காரம்மா, "மிஷினைக் கீழே இறக்கி உங்க கூடத்துலயே போட்டுக்கறேன், காலையில அம்மாவை நான் பாத்துக்கறேன், நீ போய்ப் படி" என்று நேற்று சொன்னார். அவசரமில்லை, அக்கா வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கும் முதுகு வலி, பாவம்.

அம்மா இந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

சின்னு


அக்டோபர் 21

அன்புள்ள சின்னு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு வேலையைக் காரணம் சொல்லலாம். உண்மையில், உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை. நாலைந்து முறை உட்கார்ந்தேன். அந்தப் பெண் குழந்தையை என்ன செய்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். நான் அவளைப் பார்க்கவில்லை, சின்னு. காகிதத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன்.

இப்போது எழுத வேண்டிய விஷயம் இன்னும் கஷ்டமானது. மேடம் கூப்பிட்டு, இங்கேயே துணைப் பதிவாளர் வேலை காலியாகிறது, பயிற்சி முடிந்ததும் இடைவெளி விடாமல் சேர்ந்துவிட வேண்டும் என்றார். இப்படி ஒரு வேலை பயிற்சிக்கு வந்தவளுக்குக் கிடைத்ததே இல்லையாம். கிடைத்தால் அம்மாவையும் உன்னையும் இங்கேயே அழைத்துக்கொள்ளலாம். ஆனால் வீடு பார்த்து, அம்மாவைக் கூட்டிவர வழி செய்து, எல்லாவற்றுக்கும் ஒரு வருடமாவது ஆகும். நீ இன்னும் ஒரு வருடம் பொறுக்க முடியுமா? மூன்று வருடம் இருக்கிறதல்லவா, உனக்கு எதுவும் கைவிட்டுப் போகாது.

மேடத்திடம் இன்னும் சரி சொல்லவில்லை. நீ வேண்டாம் என்றால் வேண்டாம். மனதில் இருப்பதை அப்படியே எழுது.

அக்கா


நவம்பர் 28

அக்கா,

பொறுக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. மனதில் இருப்பதை எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். என்னால் முடியவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்வது சுமையில்லை. தினமும் பையை மாட்டிக்கொண்டு சந்துக்குள் திரும்புகிறேனே, அந்த இடம்தான் தாங்கவில்லை. நேராகப் போனால் பஸ் நிறுத்தம். நான் திரும்புகிறேன்.

நீ அந்த வேலையை எடுத்துக்கொள். நிஜமாகத்தான் சொல்கிறேன். நான் என் வழியைப் பார்த்துக்கொண்டேன். தையல்காரம்மாவிடம் மறுபடி போய் நின்றேன். "இதுக்கு எதுக்கு இவ்வளவு தயக்கம்" என்று மிஷினை இறக்கிவிட்டார். இப்போது கூடத்தில் மிஷின் ஓடுகிறது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறாள். அடுத்த பருவம் ஜனவரியில் தொடங்குகிறது. நேற்று விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அம்மாவிடம், "ஜனவரியில இருந்து நிஜமாவே காலேஜுக்குப் போகப் போறேம்மா" என்றேன். "அப்ப இவ்வளவு நாள் எங்க போயிட்டிருந்தே?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

சின்னு


டிசம்பர் 20

அக்கா,

பதில் வந்துவிட்டது. உனக்காக அப்படியே எழுதுகிறேன்.

"தங்கள் விண்ணப்பத்தை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தோம். விதிகளின்படி ஏற்க இயலாமைக்கு மனமார வருந்துகிறோம். தங்கள் பாதை வேறு திசையில் ஒளிபெற வாழ்த்துகிறோம்."

உன் ஆகஸ்ட் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு எழுத்து மாறவில்லை. மேடம் பிரதி கொடுத்தவர்களில் எங்கள் பதிவாளரும் ஒருவர் போலிருக்கிறது.

எங்கள் கல்லூரியில் விட்ட நாளிலிருந்து ஒரு வருடம்தானாம். நான் விட்டது போன வருடம் நவம்பர் பத்து. இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே தாண்டிவிட்டேன். தையல்காரம்மா ஆகஸ்டிலேயே சொன்னார். நான்தான் அவசரமில்லை என்றேன். நீ சொன்ன மூன்று வருடம் உன் கல்லூரியில்.

அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். படிக்க மென்மையாக இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன், மனமார வருந்துகிறோம் என்று இருக்கிறதே, யார் வருந்தியது? நீ என் கடிதத்தை எழுதியபோது நான் உன் நினைவில்கூட இல்லை. அதை அனுப்பியவருக்கு என் முகமே தெரியாது. நானும் வருந்தவில்லை, வயிறு எரிந்தது.

இன்று காலையும் அம்மா கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சின்னு


டிசம்பர் 27

சின்னு,

பிரித்ததும் என் வரிகளைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு கணம், நீ என்னைக் கிண்டல் செய்கிறாய் என்று நினைத்தேன். மேலே படித்த பிறகு ஜெராக்ஸ் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்று அழுதேன். என்ன பிரதி எடுத்தேன் என்றே தெரியவில்லை.

எங்கள் கல்லூரி விதியை மனப்பாடம் செய்துவிட்டு, ஊருக்கெல்லாம் அதுதான் விதி என்று நினைத்துவிட்டேன். ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பேன். மணி அடித்துக்கொண்டே இருந்தாலும் மறுபடி மறுபடி அடித்திருப்பேன். இந்த வேலையில் இருக்கிறேன் என்ற தலைக்கனத்தில் கேட்காமலே பதில் சொன்னேன். நீ கேட்டாய். இரண்டு முறை மூன்று வருடம் என்று சொன்னேன், மூன்றாவது முறை பொறுக்கச் சொன்னேன்.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் சும்மா இருக்க மாட்டேன். உங்கள் பதிவாளரும் மேடமும் ஒன்றாகப் படித்தவர்கள். மேடத்தின் காலில் விழுந்தாவது பேசச் சொல்கிறேன். விதிவிலக்கு என்று ஒன்று இருக்கிறது, வேண்டியவர்களுக்குக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். நீ வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அக்கா


ஜனவரி 15

அக்கா,

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. எனக்கு அந்த வகுப்பு வேண்டும். ஜன்னலோரத்தில் இரண்டாவது வரிசை, அந்த உடைந்த பெஞ்சு வேண்டும். கேள்.

ஆனால் எனக்காகக் கேட்பதற்கு முன்னால், கைக்குழந்தையோடு வந்தவளுக்காகக் கேள். அவள் தாமதம் ஒரு நாள், என்னுடையது இரண்டு வாரத்துக்கு மேல். அவளுக்கு அக்கா பதிவாளர் அலுவலகத்தில் இல்லை என்பதைத் தவிர என்னைவிட அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. அவளைத் தாண்டிக்கொண்டு போய் நான் உட்கார்ந்தால் அந்த பெஞ்சு எனக்குக் குத்தும்.

அம்மா இளைத்துக்கொண்டே போகிறாள். விழுங்குவது கஷ்டமாகிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கூட இருங்க" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. நேற்று உடம்பு துடைக்கும்போது நர்ஸிடம் ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னாள்: "சின்னவ படிப்பை முடிக்கிற வரைக்கும் கண்ணை மூட மாட்டேன்னு வேண்டிட்டிருக்கேன். நீ அவகிட்ட சொல்லிடாதே, பயந்துக்குவா."

நான் சேரவே முடியாத படிப்பு, அது எங்கே முடியப்போகிறது? அப்படியானால் அம்மா சாகவே மாட்டாள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சிரித்துவிட்டேன். அம்மாவும் கூடவே சிரித்தாள், எதற்கென்று தெரியாமல். அப்புறம் தண்ணீரை மாற்றுகிற சாக்கில் வெளியே போய் அழுதேன்.

சின்னு


பிப்ரவரி 12

சின்னு,

நீ சொன்ன வரிசையிலேயே கேட்டேன்.

முதலில் அந்தப் பெண். மேடத்துக்குக் கோபம் வந்தது. "அன்னைக்கு நீதானே முடியாதுன்னே? இன்னைக்கு என்ன புதுசா?" என்றார். உன் கதையைச் சொல்லாமல், நான் அன்றைக்குக் காகிதத்தைப் பார்த்துப் பேசினேன், முகத்தைப் பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.  பிறகு விஷயத்தைச் சேர்க்கைக் குழுவில் வைத்தார். ஒரு நாள் தாமதத்தை மன்னிக்கலாம் என்று குழு ஒப்புக்கொண்டது.

அவளுக்குப் போன் செய்தேன். சந்தோஷமான செய்தி சொல்லப் போகிற திமிரில் என் குரல் நானே இதுவரை கேட்டிராத மாதிரி இருந்தது. அவள் கேட்டுவிட்டு, "அப்பவே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும் மேடம்" என்றாள். அப்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் கூட இருந்தாராம், இப்போது இல்லை. சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலைக்குப் போகிறாளாம், குழந்தை அங்கேயே துணி மூட்டைமேல் தூங்குமாம். "பரவாயில்லை, கூப்பிட்டீங்களே, அதுவே பெருசு" என்று என்னைச் சமாதானப்படுத்தினாள். நீ கேட்ட கேள்வியை அவளிடம் கேட்டேன். அன்றைக்குக் குழந்தையை என்ன செய்தாய் என்று. "படிக்கட்டுல உக்காந்து பால் குடுத்தேன். வேற என்ன செய்யறது?" என்றாள். என் மேசையிலிருந்து திரும்பிப் பார்த்தால் அந்தப் படிக்கட்டு தெரியும்.

அப்புறம் உனக்காகக் கேட்டேன். மேடம் என் எதிரிலேயே உங்கள் பதிவாளருக்குப் போன் செய்தார். விட்ட வருடத்திலேயே சேர்க்க வழியே இல்லையாம். வேண்டுமானால் ஜூனில் புதிதாக, முதல் வருடத்திலிருந்து சேரலாம். அதற்கு விண்ணப்பம் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ முடித்ததெல்லாம் மறுபடி முதலிலிருந்து. இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

துணைப் பதிவாளர் வேலை வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். பயிற்சியையும் விட்டுவிட்டு இந்த மாதமே வந்துவிடுகிறேன். அம்மாவிடம் நான் இருக்கிறேன். நீ ஒரு நாளாவது அந்தச் சந்துக்குள் திரும்பாமல் நேராகப் போ.

அக்கா


மார்ச் 30

அக்கா,

உன் பிப்ரவரிக் கடிதம் வந்ததும் அம்மா போனதும் ஒரே வாரம். நான் போன் செய்ததும் நீ ஓடி வந்தாய். வந்தவர்களுக்குப் பதில் சொல்வதும் கட்டிலைக் கழற்றுவதுமாக இருவரும் பக்கத்தில் பக்கத்திலேயே இருந்தோம். ஆனாலும் ஒன்றை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. எதிரில் இருந்தால் உன் முகத்தைப் பார்த்து நிறுத்திவிடுவேன். அதனால்தான் பயிற்சியின் மிச்ச நாளை முடித்துவிட்டு வா என்று உன்னைத் திருப்பி அனுப்பினேன்.

கடைசி வாரம் அம்மாவுக்கு வலி தாங்கவில்லை. தண்ணீரைக்கூட பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். வலிக்கு நடுவிலும் சாயங்காலம் நான் முன்வாசலில் வந்தால் ஒரே கேள்வி, "முடிஞ்சுதா?" இன்னும் இல்லைம்மா என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டுவாள். எனக்காகக் காத்திருந்தாள், அக்கா. அவளைப் பிடித்து வைத்துக்கொண்டிருப்பது நான்தான் என்று தோன்றிவிட்டது.

ஒரு சாயங்காலம் பை இல்லாமல் உள்ளே வந்தேன். "முடிஞ்சிடுச்சும்மா. பாஸ் பண்ணிட்டேன்" என்றேன். நன்றாக இருந்த கையால் என் கன்னத்தைத் தடவினாள். "பெரியவகிட்ட சொன்னியா? அவதானே அங்க காலேஜைப் பாத்துக்கறா. முதல்ல அவகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவா" என்றாள். சொல்கிறேன் என்றேன். பிறகு, "நர்ஸம்மா எங்க? அவளைக் கூப்பிடு. அவளுக்கும் நான் சொல்லணும்" என்றாள்.

வெளியே போனேன். சந்து வழியாகச் சுற்றி வந்தேன். பின்வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். யாரும்மா நீ என்று அன்றைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொண்டாள். "என் சின்னப் பொண்ணு பாஸ் பண்ணிட்டா. நீ இனிமே வீட்டுக்குப் போயி ஓய்வெடு. உனக்கும் பாவம், எவ்வளவு நாளா வரே" என்றாள். மறுநாள் கண் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் போய்விட்டாள்.

நான் செய்தது சரியா தப்பா என்று நீ எழுத வேண்டாம். உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். முதலில் உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று மறுபடி சொல்லாதே. இனி யாருக்காக வருவாய்? அங்கேயே இரு. உன் மேசையை மட்டும் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள், படிக்கட்டு தெரிகிற மாதிரி.

முதல் வருட விண்ணப்பத்தை மேசை மேல் வைத்துப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. முடித்த படிப்பை மறுபடி எப்படித் தொடங்குவது? இன்று காலை விழித்தபோது வீடு அமைதியாக இருந்தது. நேரமாச்சு என்று யாரும் சொல்லவில்லை. பழக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனேன், பழக்கத்திலேயே சந்துக்குள் திரும்பினேன். பின்வாசல் வரை வந்துவிட்டேன். உள்ளே போகக் கால் வரவில்லை. யாருமில்லாத வீட்டுக்கு எதற்கு நர்ஸ்? திரும்பி நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். பஸ் வந்தது, ஏறினேன்.

கல்லூரி அலுவலகத்தில் நிறைய நேரம் வரிசையில் நின்றேன். புதிதாகச் சேர்வதற்குக் கடைசித் தேதி எது என்று நானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் போனேன். என் முறை வந்ததும் கவுண்டருக்குள் இருந்த பெண் கையிலிருந்த காகிதத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "யாரும்மா நீங்க?" என்று கேட்டாள்.

"நர்ஸும்மா" என்று வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு என் பெயரைச் சொன்னேன்.

சின்னு